முகத்தில் 3 தழும்பு.. மிரண்ட சிகாகோ! கொலை வழக்குகளில் தப்பி வருமான வரியில் சிக்கிய அல் கபோன்

1929 பிப்ரவரி 14, காலை சுமார் பத்தரை மணி. அமெரிக்காவின் சிகாகோ நகரில், வடக்கு கிளார்க் தெருவில் உள்ள ஒரு கேரேஜ் முன்பு போலீஸ் கார் மாதிரியே ஒரு கார் வந்து நிற்கிறது. இறங்கியவர்களில் 2 பேர் போலீஸ் சீருடையில் இருக்கிறார்கள். உள்ளே இருந்த 7 பேரும், வழக்கமான ரெய்டுதான் போல என்று நினைத்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

அவ்வளவுதான். இயந்திரத் துப்பாக்கிகள் வெடித்தன. 7 பேரும் சரிந்தார்கள். சுட்ட பிறகு சீருடைக்காரர்கள் இருவரும், கூட வந்தவர்களைக் கையைத் தூக்க வைத்து, கைது செய்து கூட்டிப் போவதுபோல நடத்திக்கொண்டு வெளியே போனார்கள். பார்த்த அக்கம்பக்கத்தினர் போலீஸ் ஏதோ ரவுடிகளைப் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். கேரேஜுக்குள் கட்டிப் போட்டிருந்த ஒரு நாய் விடாமல் குரைத்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

இதற்கு ஸ்கெட்ச் போட்டவர் யார் என்று கேட்டால் சிகாகோவில் சின்னக் குழந்தைகூட ஒரு பெயரைச் சொல்லியிருக்கும். ஆனால் அந்த நபர் அன்று சிகாகோவிலேயே இல்லை. வெகுதூரம் தள்ளி, மியாமியில் இருந்தார். கடைசி வரை இந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூட தண்டிக்கப்படவில்லை.

அந்த நபர்தான் அல் கபோன். ஒரு தெருச் சண்டைக் கும்பலில் தொடங்கிய சிறுவன், ஒரு பெருநகரத்தையே கையில் வைத்திருந்த தாதாவாக மாறியது எப்படி? கொலை வழக்குகளில் சிக்காதவரை ஒரு கணக்கு நோட்டு சிறைக்கு அனுப்பியது எப்படி? பார்க்கலாம்.

சலூன்காரர் வீட்டுப் பிள்ளை

அல்போன்ஸ் கபோன் பிறந்தது 1899 ஜனவரி 17-ல், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில். அப்பா கேப்ரியல் முடிதிருத்துபவர், அம்மா தெரசா தையல் வேலை செய்பவர். இத்தாலியில் இருந்து பிழைப்பு தேடி கப்பலேறி வந்த குடும்பம். வீட்டில் 9 பிள்ளைகள்.

குடும்பத்தில் ரவுடித்தனம் எதுவும் கிடையாது. அப்பா எந்த வம்புக்கும் போகாத மனிதர். ஆனால் வீட்டுக்கு வெளியே இருந்த தெரு வேறு மாதிரி இருந்தது. இத்தாலியர்கள், ஐரிஷ்காரர்கள், யூதர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தெரு, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கும்பல். பக்கத்துத் தெருப் பையன்களிடம் அடி வாங்காமல் இருக்க வேண்டும் என்றால், நம்ம தெரு கும்பலில் சேர வேண்டும். அதுதான் அங்கே எழுதப்படாத விதி.

சுமாராகப் படித்துக்கொண்டிருந்த அல், 14 வயதில் ஆசிரியை ஒருவருடன் ஏற்பட்ட தகராறில் அவரை அடித்துவிட்டு பள்ளியை விட்டு வெளியேறினார். அதன் பிறகு மிட்டாய்க் கடை, பந்து உருட்டும் விளையாட்டுக் கூடம் என்று சில்லறை வேலைகள். மற்ற நேரமெல்லாம் தெருவில்தான்.

ஃபைவ் பாயிண்ட்ஸ்: கும்பல்களின் பள்ளிக்கூடம்

சிறுவர் கும்பல்களில் சுற்றிக்கொண்டிருந்த அல், பிறகு போய்ச் சேர்ந்த இடம் ‘ஃபைவ் பாயிண்ட்ஸ் கேங்’. நியூயார்க்கின் மிக மோசமான தெருக் கும்பல்களில் ஒன்று இது.

மன்ஹாட்டனில் தெருக்கள் சந்தித்து ஐந்து முனைகளாகப் பிரிந்த ஓர் இடத்தின் பெயர்தான் ஃபைவ் பாயிண்ட்ஸ். 19-ம் நூற்றாண்டில் நெரிசல், வறுமை, நோய் மூன்றுக்கும் பேர் போன குடிசைப் பகுதி. அங்கே உருவான பல கும்பல்களின் மிச்சத்தைச் சேர்த்து, பால் கெல்லி என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர் கட்டியதுதான் இந்தக் கும்பல். பெயர் கெல்லி என்றாலும் இவர் இத்தாலியர்தான். நிஜப் பெயர் பாவ்லோ வக்கரெல்லி.

இவர்களுக்குப் பரம எதிரி மங்க் ஈஸ்ட்மேன் என்பவரின் கும்பல். 1903-ல் ரிவிங்டன் தெருவில் இரண்டு தரப்பும் நடத்திய துப்பாக்கிச் சண்டை, போலீஸே கிட்ட நெருங்க முடியாத அளவுக்குப் போனது. சரி, இவ்வளவு நடந்தும் இவர்களை ஏன் ஒழிக்கவில்லை? காரணம் அரசியல். தேர்தல் நாளில் கள்ள ஓட்டுப் போடவும், எதிர்க்கட்சிக்காரர்களை மிரட்டவும் இந்தக் கும்பல்கள் அரசியல்வாதிகளுக்குத் தேவைப்பட்டன. பதிலுக்கு கேஸ் இல்லாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது.

இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர் ஜானி டோரியோ. குள்ளமான உருவம், அமைதியான பேச்சு, கணக்கில் புலி. அல் கபோனை அடையாளம் கண்டு வளர்த்தவர் இவர்தான். கத்தியையும் துப்பாக்கியையும்விட மாமூல் பணம் நீண்ட தூரம் போகும் என்பது டோரியோவின் கொள்கை.

தழும்பு வந்த கதை

டோரியோவின் அறிமுகத்தில் அல் கபோனுக்கு வேலை கொடுத்தவர் ஃபிராங்கி யேல் என்ற இன்னொரு தாதா. அவர் கோனி ஐலண்டில் நடத்திய ஹார்வர்ட் இன் என்ற பாரில் மது ஊற்றிக் கொடுப்பது, தகராறு செய்பவர்களைத் தூக்கி வெளியே போடுவது இரண்டும் அல் கபோனின் வேலை.

1917-ல் ஒருநாள், பாருக்கு வந்த ஒரு பெண்ணைப் பார்த்து தப்பாகப் பேசிவிட்டார். கூட வந்தது அந்தப் பெண்ணின் அண்ணன். சும்மா விடுவாரா? கத்தியை எடுத்து அல் கபோனின் இடது பக்க முகத்தில் மூன்று கீறல் போட்டுவிட்டார். அதிலிருந்து வந்ததுதான் ‘ஸ்கார்ஃபேஸ்’, அதாவது தழும்பு முகம் என்ற பட்டப்பெயர்.

அந்தப் பெயரை அவர் கடைசி வரை வெறுத்தார். போட்டோ எடுக்கும்போது வலது பக்கத்தைக் காட்டுவார். தழும்பு எப்படி வந்தது என்று கேட்டால், முதல் உலகப் போரில் பட்ட காயம் என்று கதை விடுவார். அவர் ராணுவத்தில் இருந்ததே கிடையாது.

1918 டிசம்பரில் மே காஃப்லின் என்ற ஐரிஷ் வம்சாவளிப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். ஒரே மகன். ஓராண்டு கழித்து டோரியோவிடம் இருந்து அழைப்பு வந்தது. சிகாகோவுக்கு வா, இங்கே வேலை இருக்கிறது என்பதுதான் விஷயம்.

21-வது பிறந்தநாளில் கிடைத்த பரிசு

1920 ஜனவரி 17. அல் கபோனுக்கு 21 வயது முடிந்த அதே நாளில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. மது தயாரிப்பது, விற்பது, கொண்டு போவது எல்லாம் குற்றம்.

ஆனால் ஒரு நாள் இரவில் சட்டம் மாறலாம், நாக்கு மாறுமா? சரக்கு கேட்கும் கூட்டம் அப்படியேதான் இருந்தது. விற்கும் உரிமை மட்டும் கடைக்காரர்கள் கையில் இருந்து கும்பல்களின் கைக்குப் போனது.

அப்போது சிகாகோவின் பெரிய தலை ‘பிக் ஜிம்’ கொலோசிமோ. டோரியோவின் முதலாளி. விபசார விடுதிகள், சூதாட்டம் என்று ஏற்கெனவே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்ததால் கள்ளச் சரக்கில் அவருக்குப் பெரிய ஆர்வம் இல்லை. 1920 மே 11-ல் தன் சொந்த ஓட்டலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றது யார் என்று நிரூபிக்கப்படவே இல்லை. அந்த இடத்துக்கு டோரியோ வந்தார். அவருக்குப் பக்கத்தில் அல் கபோன்.

எப்படி நடந்தது இந்தத் தொழில்?

மூடிக் கிடந்த பீர் ஆலைகள் ரகசியமாக மறுபடி ஓடின. கனடாவில் இருந்து விஸ்கி கடத்தி வரப்பட்டது. அது லாரிகளில் ஏறி, நகரம் முழுக்க இருந்த ரகசிய பார்களுக்குப் போனது. பார் நடத்துபவர் இவர்களிடம்தான் சரக்கு வாங்க வேண்டும். வேறு இடத்தில் வாங்கினால் குண்டு வெடிக்கும்.

போலீஸ், நீதிபதி, கவுன்சிலர் என்று மேலிருந்து கீழ் வரை மாமூல் போனது. சூதாட்டமும் விபசாரமும் தனி வருமானம். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு சுமார் 10 கோடி டாலர் புரண்டதாக அப்போதைய மதிப்பீடுகள் சொல்கின்றன. இன்னொரு பக்கம், தரமில்லாத சாராயம் குடித்து ஏழைகள் பலர் பார்வை இழந்தார்கள், உயிரையும் விட்டார்கள்.

1923-ல் வில்லியம் டெவர் என்ற கறாரான மேயர் வந்ததும் சிகாகோவில் நெருக்கடி. உடனே கும்பல் பக்கத்தில் இருந்த சிசரோ என்ற சின்ன ஊருக்குக் கடையை மாற்றியது. 1924 ஏப்ரலில் அங்கே நடந்த உள்ளாட்சித் தேர்தலில் துப்பாக்கியோடு வாக்குச்சாவடிகளைச் சுற்றி நின்று தங்கள் ஆட்களை ஜெயிக்க வைத்தார்கள். ஃபைவ் பாயிண்ட்ஸ் தெருவில் கற்ற அதே பாடம். அந்த நாளில் போலீஸ் சுட்டதில் அல் கபோனின் அண்ணன் ஃபிராங்க் இறந்தார்.

பூக்கடையில் விழுந்த பிணம்

சிகாகோவின் வடக்குப் பகுதி டீன் ஓபேனியன் என்பவரின் கோட்டை. இவர் பூக்கடை நடத்தியவர். தாதாக்களின் இறுதி ஊர்வலங்களுக்கு மலர் வளையம் போனதே இவர் கடையில் இருந்துதான். 1924 நவம்பர் 10-ல், பூ வாங்க வந்தவர்கள்போல வந்த மூவர் அவரைக் கடைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள்.

அங்கே தொடங்கியது பழிக்குப் பழி. 1925 ஜனவரியில் டோரியோ தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் ஆசை விட்டுப்போனது. மொத்த சாம்ராஜ்யத்தையும் அல் கபோனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். அப்போது அல் கபோனுக்கு வயது வெறும் 26.

1926 செப்டம்பரில் சிசரோவில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓட்டலின் முன்பு வரிசையாகக் கார்கள் வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களைப் பொழிந்துவிட்டுப் போயின. கபோன் தரையில் படுத்துத் தப்பித்தார். அதன் பிறகு குண்டு துளைக்காத காடிலாக் காரில்தான் பயணம். 1928-ல் நியூயார்க்கில் ஃபிராங்கி யேல் கொல்லப்பட்டார். முதல் வேலை கொடுத்த முதலாளி! சந்தேகம் கபோன் மீதுதான் விழுந்தது.

தாதாவா, தலைவரா?

இவ்வளவு ரத்தம் கொட்டியும் மக்களில் ஒரு பகுதியினர் அவரை வெறுக்கவில்லை. விலை உயர்ந்த சூட், விரலில் வைர மோதிரம், வாயில் சுருட்டு, கேட்டவர்களுக்குக் கை நிறைய பணம். பத்திரிகைகளுக்கும் அவர் என்றால் கொண்டாட்டம். 1930 மார்ச்சில் டைம் பத்திரிகையின் அட்டையிலேயே அவர் படம் வந்தது.

பொருளாதாரப் பெருமந்தத்தில் லட்சக்கணக்கானவர்கள் வேலையிழந்த 1930 நவம்பரில், சிகாகோவில் இலவசக் கஞ்சித் தொட்டி மாதிரி ஒரு சூப் கூடம் திறந்தார். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சாப்பாடு. வரிசையில் நின்ற பசித்தவர்களுக்கு அந்தப் பணம் எங்கே இருந்து வந்தது என்ற கேள்வி முக்கியமாகத் தோன்றவில்லை. உணவுப் பொருள்களில் பெரும்பகுதி வியாபாரிகளை மிரட்டி வாங்கியது என்ற குற்றச்சாட்டும் இருந்தது.

ஆனால் காதலர் தினக் கொலைகளுக்குப் பிறகு காற்று மாறத் தொடங்கியிருந்தது. செத்த 7 பேரில் எல்லாரும் கும்பலின் அடியாட்கள் இல்லை. ஒருவர் கார் மெக்கானிக். இன்னொருவர் ரவுடிகளோடு பழகுவதைக் கெத்து என்று நினைத்துச் சுற்றிக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரர். குறி வைக்கப்பட்ட எதிரி பக்ஸ் மோரன் தாமதமாக வந்ததால் தப்பிவிட்டார். பிணங்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தபோது, கதை மாதிரி ரசித்தவர்களுக்கும் வயிற்றைக் கலக்கியது. 1930 ஏப்ரலில் சிகாகோ குற்றத் தடுப்பு ஆணையம் பொது எதிரிகளின் பட்டியலை வெளியிட்டது. முதலிடத்தில் அல் கபோன்.

கணக்கு நோட்டு பேசியது

அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் நேரடியாகவே நெருக்கடி கொடுத்தார். இந்த ஆளை எப்படியாவது உள்ளே போட வேண்டும். ஆனா எப்படி? கொலைக்கு சாட்சி சொல்ல யாரும் வரமாட்டார்கள். காதலர் தினத்தன்று 14 தோட்டாக் காயங்களோடு சில மணி நேரம் உயிரோடு இருந்தவரே, சுட்டது யார் என்று சொல்லாமல்தான் இறந்தார்.

இங்கேதான் 1927-ல் வந்த ஒரு தீர்ப்பு கைகொடுத்தது. சட்டவிரோதமாகச் சம்பாதித்த பணத்துக்கும் வருமான வரி கட்ட வேண்டும் என்று, சல்லிவன் என்ற கள்ளச் சரக்கு வியாபாரியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அல் கபோனோ வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்ததில்லை. வங்கிக் கணக்கு இல்லை, பெயரில் சொத்து இல்லை, எல்லாம் ரொக்கம்.

ஃபிராங்க் வில்சன் என்ற வரித்துறை அதிகாரி களமிறங்கினார். மாதக்கணக்கில் காகிதக் குவியலுக்குள் தேடினார். 1926-ல் ஒரு சூதாட்ட விடுதி ரெய்டில் பிடிபட்டு, யாரும் கண்டுகொள்ளாமல் அலமாரியில் கிடந்த கணக்கு நோட்டு அவர் கையில் சிக்கியது. லாபம் யார் யாருக்குப் பிரிந்தது என்பது அதில் இருந்தது. கையெழுத்தை வைத்து அதை எழுதிய கணக்குப்பிள்ளையைத் தேடிப் பிடித்து சாட்சியாக்கினார்கள்.

அப்போ எலியட் நெஸ்? திரைப்படங்களில் கபோனைப் பிடிப்பதே அவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நெஸ் குழு பீர் ஆலைகளை உடைத்து கும்பலுக்கு நஷ்டம் ஏற்படுத்தியது உண்மை. ஆனால் அந்த மதுவிலக்கு வழக்குகளில் கபோன் தண்டிக்கப்படவில்லை. அவரை வீழ்த்தியது கணக்கு சரிபார்த்தவர்கள்தான்.

கும்பலுக்கு உள்ளேயே இருந்து உதவியவர் எட்டி ஓஹேர். கபோனின் பந்தயத் தொழிலைக் கவனித்த வழக்கறிஞர். ஜூரிகளை விலைக்கு வாங்க கபோன் ஆட்கள் முயல்கிறார்கள் என்ற தகவல் அவரிடம் இருந்து வந்தது. விசாரணை தொடங்கிய நாளில் நீதிபதி ஜேம்ஸ் வில்கர்சன் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். தன் நீதிமன்ற ஜூரி பட்டியலை அப்படியே இன்னொரு நீதிமன்றத்தின் பட்டியலோடு மாற்றிவிட்டார். கொடுத்த லஞ்சம் மொத்தமும் வீண்.

1931 அக்டோபர் 17-ல் 5 குற்றச்சாட்டுகளில் கபோன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஒரு வாரம் கழித்து தண்டனை அறிவிக்கப்பட்டது. 11 ஆண்டு சிறை, 50 ஆயிரம் டாலர் அபராதம், வரிப் பாக்கி தனி. அதே மாதம் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் போன கபோனைப் பார்த்து கூட்டம் கூச்சல் போட்டிருந்தது. கைதட்டல் நின்றுபோனது அவருக்கே தெரிந்திருக்கும்.

கைதி எண் 85

முதலில் அட்லாண்டா சிறை. அங்கே சலுகைகள் வாங்கி வாழ்கிறார் என்ற புகார் எழுந்தது. 1934 ஆகஸ்டில் கடலுக்கு நடுவே இருந்த அல்காட்ராஸ் சிறைக்கு மாற்றப்பட்டார். கைதி எண் 85. அங்கே மாமூலும் செல்லாது, பேரும் செல்லாது. துணி துவைத்தார், தரை துடைத்தார், சிறை இசைக்குழுவில் பாஞ்சோ வாசித்தார். 1936-ல் சக கைதி ஒருவர் கத்தரிக்கோலால் குத்தினார்.

அதைவிடப் பெரிய எதிரி உடம்புக்குள்ளேயே இருந்தது. இளம் வயதில் தொற்றி, சிகிச்சை எடுக்காமல் விட்ட சிஃபிலிஸ் நோய் மூளையைத் தாக்கியிருந்தது. 1938-ல் இருக்கும் இடம் தெரியாமல் குழம்ப ஆரம்பித்தார். 1939 நவம்பரில் விடுதலை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் எட்டி ஓஹேர் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மகன் இரண்டாம் உலகப் போரில் வீரப் பதக்கம் வென்ற விமானி. இன்று சிகாகோவின் ஓஹேர் விமான நிலையம் அந்த மகனின் பெயரைத்தான் சுமக்கிறது.

மியாமி வீட்டில் மனைவி கவனிப்பில் கபோனின் கடைசி ஆண்டுகள் கழிந்தன. பென்சிலின் மருந்து வந்தபோது அதுவும் கொடுக்கப்பட்டது, ஆனால் காலம் கடந்துவிட்டது. 1946-ல் பரிசோதித்த மருத்துவர்கள், அவருடைய மனநிலை 12 வயதுச் சிறுவனின் அளவுக்குத்தான் இருக்கிறது என்றார்கள். 1947 ஜனவரி 25-ல் இறந்தபோது வயது 48.

மிச்சம் என்ன?

கபோன் போனதும் கும்பல் ஒழிந்ததா என்றால், இல்லை. ஃபிராங்க் நிட்டி உள்ளிட்டவர்கள் தலைமையில் அது சூதாட்டம், தொழிற்சங்கங்கள் என்று வேறு வழிகளில் தொடர்ந்தது. 1933-ல் மதுவிலக்கு நீங்கிய பிறகும் அது சாகவில்லை. ஒரு ஆளைப் பிடிக்கலாம், ஆனால் அவரை வளர்த்த மாமூலும் அரசியல் ஆதரவும் அப்படியே இருந்தால் அடுத்த ஆள் தயாராகிவிடுவார்.

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கபோனின் மூத்த அண்ணன் சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் போனவர். பெயரை ரிச்சர்ட் ஹார்ட் என்று மாற்றிக்கொண்டு, நெப்ராஸ்கா மாகாணத்தில் கள்ளச்சாராயம் பிடிக்கும் மதுவிலக்கு அதிகாரியாக வேலை பார்த்தார். தம்பி சிகாகோவில் சரக்கு கடத்திய அதே காலத்தில்! ஒரே வீடு, ஒரே வறுமை. ஒருவர் கும்பலுக்குப் போனார், இன்னொருவர் அதைப் பிடிக்கப் போனார்.

கபோனின் ஒரே மகன் அப்பாவின் தொழில் பக்கமே போகவில்லை. 1966-ல் சட்டப்படி தன் பெயரின் கடைசியில் இருந்த கபோன் என்பதையே நீக்கிவிட்டார். ஊரே நடுங்கிய அந்தப் பெயர், கடைசியில் பெற்ற பிள்ளைக்கே வேண்டாத பெயராகிப்போனது.